வேட்டிக்குப் போட்ட கையெழுத்து

தலைவர் அவர்களே, என்னைச் சூதாடி ஆக்கியது நீங்கள்தான். போலீஸின் மேலோ கோர்ட்டின் மேலோ பத்திரிகையின் மேலோ நான் பழி போடவில்லை. அவர்களுக்கு என்னை யாரென்றே தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

விழாவுக்கு முன்னாலேயே நீங்கள் அனுப்பத் தொடங்கிய உங்கள் மன்றத்தின் ஆண்டுவிழா மலர் போன வாரம் என் கைக்கு வந்தது. நான் இப்போது வேலை பார்க்கும் கடைக்குச் சாப்பிட வந்த ஒருவர் மேசையில் விட்டுவிட்டுப் போயிருந்தார். பளபளப்பான தாள். முன்னட்டையில் மலையும் நீச்சல் குளமும். உள்ளே 'நாம் கடந்து வந்த பாதை' என்று எட்டுப் பக்கத்துக்கு வரலாறு. அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு படம். இருபது பேர் வரிசையாக நிற்கிறோம். கீழே 'பொதுக்குழுவில் கலந்துகொண்ட உறுப்பினர்கள்' என்று போட்டிருக்கிறது. இடமிருந்து நான்காவது ஆள் நான். எல்லோர் கையிலும் மடித்த வேட்டி ஒன்று இருக்கிறது. பொதுக்குழுவுக்கு வந்த உறுப்பினர்கள் எதற்காகக் கையில் வேட்டியோடு நிற்க வேண்டும் என்று அதை அச்சுக்குக் கொடுத்தவருக்குத் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை.

அந்த எட்டுப் பக்கத்தையும் படித்தேன். 'இயற்கையின் மடியில் ஒரு கனவாகத் தொடங்கியது' என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். எது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். தொடக்கத்திலிருந்து அதற்குச் சமைத்துப் போட்டவன் நான்.

ராஜபாளையத்தில் பஞ்சு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் தொடங்கியது அது. நான்கு மேசை, ஒரு கேரம் போர்டு, மூன்று பத்திரிகை. பத்திரிகைகளை யாரும் பிரித்து நான் பார்த்ததில்லை. கேரம் போர்டுக்குக் காய் வாங்கவே இல்லை. மன்றத்தைப் பதிவு செய்ய வேண்டுமென்பதற்காக வைத்திருந்தீர்கள். வாசலில் 'உறுப்பினர்களின் உடல்நலம், நட்புறவு, பொது அறிவு வளர்ச்சிக்காக' என்று ஒரு போர்டு தொங்கியது. உள்ளே ரம்மி ஓடியது. பஞ்சுத் தரகர்களும் மில் அதிகாரிகளும் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறிப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் இறங்குவார்கள். தரகர்களின் மீசையில் பஞ்சு ஒட்டியிருக்கும்.

அந்த மாடிப்படிக்குக் கீழே இருந்த கடையில் நான் பரோட்டா மாஸ்டர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். மேலே பார்சல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாள் நீங்களே இறங்கி வந்து கல்லுக்குப் பக்கத்தில் நின்றீர்கள்.

"பாய், மேல கொண்டாரதுக்குள்ள ஆறிப்போவுது. கல்ல மேலயே போட்டுருவோமா?"

"போடலாம் முதலாளி. ரம்ஜான் மாசம் மட்டும் மத்தியானம் நான் இருக்க மாட்டேன்."

"எதுக்கு, நோம்புல அடுப்புகிட்ட நிக்க முடியாதா?"

"அடுப்புகிட்டத்தான் நிக்கேன். பள்ளிவாசல்ல. கஞ்சி காய்ச்சுறது நான்."

"அப்ப சரி. எனக்கும் ஒரு தூக்குவாளி வந்துரணும்."

வருடா வருடம் வந்தது. ரம்ஜான் மத்தியானங்களில் நீங்கள் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கடைசி வரை காப்பாற்றினீர்கள். உங்களைத் திட்டும்போது அதையும் சொல்லிவிட்டுத்தான் திட்ட வேண்டும்.

அந்தக் கஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அதைத்தான். மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் அண்டாவை ஏற்றுவேன். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, கொத்துக்கறி. தேங்காய்ப்பால் கடைசியில். அடி பிடிக்காமல் துடுப்புப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாயில் எச்சில்கூட விழுங்காமல், ருசி பார்க்காமல், வாசனையை வைத்தே உப்பைச் சொல்வேன். சாயங்காலத் தொழுகையான அஸருக்கு முன்னால் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளிகள் வரிசை கட்டிவிடும். எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டுமில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையை வைத்திருக்கும் இந்துத் தாய்மார்களும் வந்து நிற்பார்கள். கூலி கிடையாது. என் வாழ்க்கையில் கூலி வாங்காமல் நான் செய்த வேலை அது ஒன்றுதான். மற்ற பதினோரு மாதமும் நான் ஒரு பரோட்டாக்காரன். அந்த மாதம் என்னைப் பார்த்துப் பெரியவர்கள் சலாம் சொல்வார்கள்.

பிறகு மன்றம் மலையடிவாரத்துக்குப் போனது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில், மலையைப் பார்த்துத் திரும்பும் ஒரு மண் பாதையில், மாந்தோப்பு ஒன்றை வாங்கினீர்கள். முதலில் மரத்தடியில் மேசை. பிறகு ஓலைக் குடில். அப்புறம் குடிலை இடித்துவிட்டுக் கண்ணாடி வைத்த கூடம், ஏசி, மலையைப் பார்த்த அறைகள், நீச்சல் குளம். குளம் வெட்டிய வருடம் யானை வந்து பின்சுவரைத் தள்ளிவிட்டு மாம்பழம் தின்றுவிட்டுப் போனது. மலரில் அதை 'வனவிலங்குகளோடு இணைந்த வாழ்வு' என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு நீங்கள் வனத்துறை ஆட்களிடம் கத்திய கத்தல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கேரளாவிலிருந்து கார்கள் வர ஆரம்பித்தன. ஒரு புத்தாண்டுக்குச் சுழல் சக்கரம் வைத்தீர்கள். வெளிநாட்டுச் சரக்கு என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். ராஜபாளையத்துத் தச்சர் ஒருவர் தேக்கில் செய்தது அது. உள்ளே சுற்றியது பழைய நூற்பு மெஷினின் பேரிங். சாயங்காலம் அதற்கு நான்தான் தேங்காயெண்ணெய் விட்டேன். அந்தப் புத்தாண்டிலிருந்துதான் ஊரில் அதைக் கேசினோ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மதுரை வரைக்கும் பெயர். கல்யாணப் பேச்சில்கூட, "மாப்ள வீட்டுக்காரவிய கேசினோல ரூம் போட்டுத்தான் பேசுவாகளாம்" என்று பெருமையாகச் சொல்லும் அளவுக்குப் பெயர்.

ஆனால் காகிதத்தில் அது எப்போதும் மனமகிழ் மன்றம்தான். உறுப்பினர்கள் மட்டும் தங்களுக்குள் பொழுதுபோக்காக விளையாடும் இடம். அதற்கு உறுப்பினர் பதிவேடு வேண்டும், வருடத்துக்கு ஒரு பொதுக்குழு வேண்டும், அதில் கையெழுத்துகள் வேண்டும். ஆட வருகிறவர் எவரும் தன் பெயரைத் தாளில் எழுத விரும்பமாட்டார். அவருக்கு மனைவி இருக்கிறாள், வருமானவரி இருக்கிறது. அப்படியென்றால் கையெழுத்துக்கு எங்கே போவது?

ஆயுத பூஜைக்குப் போனீர்கள்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வேலைக்காரர்கள் எல்லோருக்கும் வேட்டி, சட்டைத் துணி, பொரிகடலைப் பொட்டலம். மேனேஜர் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். முன்னால் காலிகோ அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்று விரித்திருக்கும். நோட்டின் மேல்பாதியில் வேட்டிக் கட்டு இருக்கும். கீழே இருக்கும் வரிகள் மட்டும் தெரியும். பெயரைச் சொன்னதும் போய் நிற்போம். "போடும் பாய்" என்பார். போடுவேன். வேட்டியைக் கையில் கொடுப்பார். போட்டோ எடுப்பார்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். எட்டாவது வரை படித்தவன். அந்த வேட்டிக் கட்டைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் மேலே என்ன தலைப்பு எழுதியிருக்கிறது என்று பார்த்திருப்பேன். ஒரு வருடம்கூட நகர்த்தவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்ய மாட்டோம். நல்ல நாளும் அதுவுமாக ஒருவர் துணி எடுத்துக் கொடுக்கும்போது அவர் நோட்டைத் தூக்கிப் பார்த்தால், அவரைத் திருடன் என்று சொன்னதுபோல. தோட்டக்காரர், பெருக்குகிறவர்கள், கேட்டில் நின்ற ஆலங்குளத்துக்காரர் என்று யாருமே நகர்த்தவில்லை. எங்கள் மரியாதையை நீங்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போலீஸ் வந்தது. புதிதாக மாறி வந்த அதிகாரி. யாருக்கும் முன்கூட்டித் தகவல் இல்லை. நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. பின்வாசல் வழியாக ஏழெட்டுப் பேர் என் கல்லைத் தாண்டி ஓடினார்கள். ஒருவர் சால்னாப் பாத்திரத்தில் இடித்துக்கொண்டு, சாரி பாய், சாரி பாய் என்று சொல்லிக்கொண்டே மாந்தோப்புக்குள் போனார். கடைசியில் வந்தவர் ஓர் அரிசி ஆலை முதலாளி. வாரம் தவறாமல் வருகிறவர். நல்ல உடம்பு. அவரால் ஓட முடியாது.

"பாய், அந்த ஏப்ரனக் கழட்டும்."

"எதுக்கு முதலாளி?"

"கேள்வி கேக்காதேயும். போலீசு."

கழட்டினேன். நானேதான் அவருக்குக் கட்டிவிட்டேன். கயிறு வயிற்றைச் சுற்றி எட்டவில்லை. வாழை நாரை எடுத்து முடிச்சுப் போட்டேன். சாப்பிட வந்த மனிதரைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்பதைத் தவிர அப்போது என் புத்தியில் வேறு எதுவும் இல்லை.

"தோசக்கரண்டியத் தலகீழாப் பிடிச்சிருக்கீக" என்றேன்.

"எப்படிப் பிடிச்சா என்னய்யா, செத்த நேரம்தான" என்றார்.

அதற்குள் அதிகாரி வாசலுக்கு வந்துவிட்டார். அரிசி ஆலை முதலாளியைப் பார்த்து, "மாஸ்டர், இந்தப் பக்கம் எத்தன பேரு ஓடுனாங்க?" என்று கேட்டார்.

"நான் கல்லத்தான் பாத்துட்டிருந்தேன் சார்" என்றார் அவர். குரல் நடுங்கவே இல்லை. சீட்டு ஆடிப் பழகிய முகம்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். ஆயுத பூஜைச் சட்டைத் துணியில் தைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். "நீரு யாரு?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து உங்கள் மேனேஜரின் குரல் வந்தது. "அவரு நம்ம மெம்பரு சார்."

அரிசி ஆலை முதலாளி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்துக்கொண்டார். கல்லில் இருந்த பரோட்டா கருகி வாடை வந்துவிட்டது. அவருக்குத் திருப்பிப் போடத் தெரியவில்லை.

கூடத்தில் தோட்டக்காரரையும் இன்னும் மூன்று வேலைக்காரர்களையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்திருந்தார் மேனேஜர். தோட்டக்காரர் மம்சாபுரத்துக்காரர், கை முழுக்க எருவாடை. மேனேஜர் எங்கள் காதோரம் வந்து, "பேரக் கேட்டா சொல்லுங்க, வேற ஒண்ணும் பேசாதீக. ரெண்டு மணி நேரத்துல நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். அதிகாரி பதிவேட்டைக் கேட்டார். காலிகோ அட்டை நோட்டு வந்தது. அன்றைக்குத்தான் வேட்டிக் கட்டு இல்லாமல் அந்த நோட்டை முதல் தடவையாகப் பார்த்தேன். 'ஆண்டுப் பொதுக்குழு, கலந்துகொண்ட உறுப்பினர்கள்.' வருடா வருடம் என் கையெழுத்து. இளவயதுக் கையெழுத்திலிருந்து இப்போதைய கையெழுத்து வரைக்கும்.

"இது உம்ம கையெழுத்தா?"

"ஆமா சார். ஆனா அது வேட்டிக்குப் போட்டது."

"வேட்டிய வச்சா ஆடுனீரு?"

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். தோட்டக்காரர்கூட ஏதோ புரிந்ததுபோலச் சிரித்தார். நான் மட்டும்தான் சிரிக்கவில்லை.

சொன்னபடி மேனேஜர் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் பத்திரிகையில் எங்கள் ஐந்து பேரின் பெயரும், வயதும், தகப்பன் பெயரும் வந்தன. சொகுசு விடுதியில் சூதாட்டம், கும்பல் கைது. உங்கள் மன்றத்தின் பெயர் இல்லை. என் வாப்பாவின் பெயர் இருந்தது. அவர் மௌத்தாகி எத்தனையோ வருடமாகிவிட்டது.

தோட்டக்காரர் அடுத்த நாள் வேலைக்கு வந்து என்னிடம் புலம்பினார். "ராசா எது ராணி எதுன்னு எனக்குத் தெரியாது பாய். என் வீட்டுக்காரி வெளக்கமாத்தோட நிக்கா. ஏலே, இம்புட்டு வருசமா ஆடுனியே, ஒரு நாளாவது செயிச்சியான்னு கேக்கா. ஆடலட்டின்னா, அப்ப செயிச்சத எவளுக்குக் குடுத்தங்கா."

நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தோம். அதை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. சிரித்ததற்குப் பதிலாக அன்றைக்கே ராஜபாளையம் ஸ்டேஷனில் போய் நின்று கத்தியிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தப்பு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் செய்தேன். வராண்டாவில் வைத்து மேனேஜர் சொல்லிக் கொடுத்தார். "குத்தத்த ஒத்துக்கிடுதீரான்னு ஐயா கேப்பாக. ஆமான்னு சொல்லும். அபராதம் மன்றம் கட்டிரும். இல்லன்னு சொன்னீருன்னா வருசக் கணக்குல வாய்தாவுக்கு அலையணும், சம்பளம் போகும்." கூண்டில் ஏறினேன். கேட்டார். ஆமாம் ஐயா என்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பொய் சொன்னவன் நான். அதை யார் மேலும் போடவில்லை. சொல்லச் சொன்னது உங்கள் ஆள்.

அடுத்த ரம்ஜானுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி வீட்டுக்கு வந்தார். ஜமாத்தில் இன்னும் இரண்டு பெரியவர்கள் கூட இருந்தார்கள். என் மனைவி டீ கொண்டு வந்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த வருசம் கஞ்சிக்கு வேற ஆளு பாத்திருக்கோம்" என்றார் முத்தவல்லி.

"எதுக்கு?"

"நீ அங்க அடுப்புகிட்ட நின்ன. சம்பளத்துக்கு வேல, வயித்துப் பாடுன்னு நாங்க ஒண்ணும் கேக்கல. இப்ப மேசைல உக்காந்தேன்னு பேப்பர்ல வந்திருக்கு. சூதாடுன கையால நோம்புக் கஞ்சின்னா சனங்க எப்படி வாங்கும்?"

"நான் உக்காரல."

"கோர்ட்டுல நீயே ஒத்துக்கிட்டியே."

"அது பொய்."

அவர் மெதுவாகச் சொன்னார், கோபமே இல்லாமல்: "அப்ப நான் சனங்ககிட்ட என்னன்னு சொல்ல? சூதாடுனவன்னு சொல்லவா, நீதிபதி முன்னால பொய் சொன்னவன்னு சொல்லவா? ரெண்டுல எத நீ வச்சுக்கிடுத?"

அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

எழுந்து போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். "அந்தத் தலைவரு வரட்டும். பள்ளிக்கு வர வேண்டாம். எங்கயாவது நாலு பேரு கேக்குற மாதிரி, இவரு ஆடல, இவரு எங்க சமையக்காரருன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். மறுநாளே துடுப்ப உன் கையில குடுக்கேன்."

அந்த வக்கீல் இந்த வக்கீல் என்று இரண்டு பேரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள்: நீரே ஒத்துக்கொண்ட பிறகு எவன் என்ன செய்ய முடியும்? அதனால்தான் உங்களிடம் வந்தேன். நீங்கள் இதைப் படிக்கும்போது மறந்துபோனதாகச் சொல்லலாம். நான் மறக்கவில்லை. ஏசி அறையில் உட்கார வைத்தீர்கள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக.

"பாய், உம்ம பேர எடுத்தா எத்தன பேர எடுக்கணும் தெரியுமா? பாதி ரிஜிஸ்டரு அடுப்படியும் தோட்டமும்தான். அத வெளிய சொன்னா மன்றம் இருக்குமா? உம்ம கல்லு இருக்குமா?"

"மன்றத்தப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம் முதலாளி. நான் ஆடலன்னு மட்டும் சொல்லுங்க."

"ஆடாதவன் எப்படி மெம்பரானான்னு அடுத்த கேள்வி வருமே."

நான் எழுந்திருக்கவில்லை. நீங்கள் பெரிய மனதோடு ஒன்றைச் சொன்னீர்கள். "ஒண்ணு செய்வோம். உம்மையும் வீட்டுக்காரம்மாவையும் உம்ராவுக்கு அனுப்பி வைக்கேன். போயிட்டு வந்தவர எவன் பேசுவான்?"

உங்களுக்கு அது தப்பாகவே தெரியவில்லை. உண்மையிலேயே எனக்கு நல்லது செய்வதாக நினைத்தீர்கள். சீட்டு மேசையில் வந்த காசில் என்னை மக்காவுக்கு அனுப்பினால் என் கறை போய்விடும் என்று ஒரு மனிதன் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கே வேலையை விட்டேன். தோட்டக்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். போன ஆயுத பூஜைக்கும் கையெழுத்துப் போட்டு வேட்டி வாங்கிவிட்டார். ஏன் போட்டீர் என்று கேட்டேன். "போடலன்னா வேல போகும் பாய். இனிமே எனக்கு என்ன பேரு கெட்டுப் போகப் போவுது?" என்றார்.

இரண்டு ரம்ஜான் போய்விட்டது. முதல் வருடம் கஞ்சி வாங்க என் மனைவியைத்தான் அனுப்பினேன். வரிசையில் நின்ற பெண்கள் அவளுக்கு வழி விட்டு முன்னால் போகச் சொன்னார்களாம். இரக்கத்தில். வந்து தூக்குவாளியை வைத்துவிட்டு, "ஒங்களுக்கு என்ன, நீங்க வீட்ல உக்காந்துகிட்டீக" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். இரண்டாவது வருடம் நானே போனேன். புதிதாகக் காய்ச்சுகிறவர் நல்ல மனிதர்தான். என்னைப் பார்த்ததும் அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து பார்க்கச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் வாளியை நீட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பால் சீக்கிரமே ஊற்றியிருக்கிறார், திரிந்திருந்தது. அதைச் சொல்லவும் எனக்கு இனி உரிமை கிடையாது. சூதாடி சொல்கிறான் என்பார்கள். சொல்லாவிட்டாலும் நினைப்பார்கள்.

இப்போது மலரில் என்னை மறுபடியும் அச்சடித்திருக்கிறீர்கள். கோர்ட்டுத் தாளாவது அலமாரிக்குள் கிடக்கும். இது வீட்டுக்கு வீடு போகும். முத்தவல்லியின் மகனும் ஒன்று வாங்கியிருக்கிறானாம். நான் செத்த பிறகு என் பேரப்பிள்ளைகள் அதைப் புரட்டி, எங்க தாத்தா கேசினோ மெம்பர் என்று சொல்லுவார்கள். பெருமையாகச் சொன்னாலும் சொல்லுவார்கள்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் மாறிவிடுவீர்கள் என்று நான் நம்பவில்லை. உங்களோடு அத்தனை வருடம் இருந்தவன். உங்களை எனக்குத் தெரியும். மன்றத்தைக் காப்பாற்ற நீங்கள் என்னைப் போல இன்னும் பத்துப் பேரைக் கொடுப்பீர்கள். அடுத்த ரம்ஜானுக்கும் நான் வரிசையில்தான் நிற்பேன், அதுவும் தெரியும். ஆனால் வாயை மூடிக்கொண்டு நிற்கமாட்டேன்.

அடுத்த மாதம் ராஜபாளையத்தில் கல்யாண மண்டபத்தில் உங்கள் ஆண்டுவிழா. மேடை இருக்கும், மைக் இருக்கும், இரண்டு ஊரிலிருந்தும் ஆட்கள் இருப்பார்கள். எங்கள் ஜமாத்துக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறீர்கள்; முத்தவல்லி வருவார். நானும் வருவேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம், துணிமணி எதுவும் கொடுக்க வேண்டாம். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: உங்கள் மன்றத்தின் எந்த மேசையிலாவது, என்றைக்காவது, நான் உட்கார்ந்து ஒரு சீட்டைத் தொட்டு நீங்கள் பார்த்தீர்களா? அந்த மேடையில் நின்று, என் பெயரைச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி இதற்குப் பதில் சொல்லுங்கள்.